கத்திரிப்பூ, இரண்டு அடர்த்தி

அட்டையில் இருந்த பெயரைக்
கடைப் பையன் 'மாவ்' என்று வாசித்தான்.
மாவா, என்றேன்.
அரிசி மாவு வெள்ளைங்க,
இது கத்திரிப்பூ, என்றான்.
அதைத்தானே தம்பி
உள்ளே வந்ததிலிருந்து கேட்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து குண்டுசாலை வரை
நான்கு லிட்டர் டப்பாவை
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளே அது
புரண்டு படுத்தது.

அருளப்பன் மூடியைத் திறந்து பார்த்தார்.
சுரூபங்களுக்குத் துணி போர்த்துகிற நிறம்,
வருஷம் முழுக்கத் தவக்காலமா நம் வீட்டில்?
கிரீம் அடித்தால்
நாளைக்கே வாடகைக்கு ஆள் வரும்.
நான் பதில் சொல்லவில்லை.
யாருக்கு விடுவது,
பெண்ணையாறு ஒரு ராத்திரி
சாவி கேட்காமல் வந்து தங்கிப்போன வீட்டை.

போகும்போது அது போட்ட கோடு
நான்கு சுவரிலும் இருந்தது,
என் இடுப்புக்கு ஒரு சாண் மேலே.
தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர்,
எலுமிச்சை, உப்புத்தாள்.
பக்கத்துச் சுவர் வெளுத்தது,
கோடு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பெயிண்டர் மாயவன்
கோட்டில் கட்டைவிரலை வைத்து
அறையை ஒரு சுற்று வந்தார்.
வாசல் பக்கம் தரை மூணு விரல் இறக்கமா இருக்கே,
கொத்தனார் சொல்லலையா?
சொல்லவில்லை.
பதினோரு வருடமாகச் சாய்ந்த தரையில்தான்
தோசைக்கல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நூல் வேணாம், மட்டக்குழாய் வேணாம், என்றார்.
தண்ணிக்குத் தெரியாத மட்டமா.
இதுக்குக் கீழ அடர்த்தி, மேல வெளிர்.
ரெண்டும் ஒரே கத்திரிப்பூதான்,
கூட ரெண்டு லிட்டர் வெள்ளை வாங்கிடுங்க.

காலை ஆறரைக்குச் சுவர் கொஞ்சம் ரோஜா.
மதியம் சாம்பல்.
டியூப்லைட் போட்டால் நீலம் ஏறி
யாரோ கோபித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.
கரண்ட் போன இரவில்
மெழுகுவர்த்திக்கு அது காட்டும் நிறத்துக்கு
எந்த அட்டையிலும் எண் இல்லை.

மஞ்சள் திரை ஒத்துவரவில்லை, கழற்றினேன்.
பச்சைப் புடவை ஒன்றைக் கிழித்து
ஜன்னலில் மாட்டியதும்
செடி முழுதாயிற்று.

சமையலறைக்கு அடிக்கவில்லை.
தாளிப்புக்கு முன்னால் எந்த நிறமும்
ஆறு மாதம் தாங்காது.

மூன்றாம் வாரம் பீரோ மூலையில்
கைக்குட்டை அளவுக்கு உப்பு பூத்தது.
போன் போட்டால் மாயவன்,
கடலோர ஊருங்க, பூக்கத்தான் செய்யும்,
என்று சொல்லி வைத்துவிட்டார்.

அருளப்பன் ஒரு நாளும்
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
கார்த்திகையில் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்த அன்று
ஆள் கூட்டிவந்து
பிளக் பாயிண்டுகளைப் பிடுங்கி
வெளிர்ப் பக்கம் ஏற்றினார்.
ஸ்டாண்டு அடித்தார்.
பத்திரம், ரேஷன் கார்டு, மிக்ஸி, மாதா சுரூபம்
எல்லாம் வெளிருக்குப் போயின.
அடர்த்தியில் மிச்சம்
பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு,
கட்டில், செருப்புகள்,
நாங்கள்.

கல்யாண ஆல்பம் எங்கே என்றார்.
போன வெள்ளத்தில் நனைந்து
பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது.
எதற்கு வைத்திருக்கிறாய் என்று
அப்போது கேட்டவர்தான்.
ஒரு பக்கத்தை மெதுவாக உரித்துக் காட்டினேன்.
என் பட்டு, அவர் கோட்டு, மாலை,
பங்குச்சாமியாரின் பாதி முகம்,
எல்லாம் கரைந்து ஓரத்தில் ஒதுங்கியிருந்தது
ஒரே நிறமாக.

படத்தைப் பார்த்தார்.
சுவரைப் பார்த்தார்.
மறுபடி படத்தை.

மேலே வை, என்றார்.
ஸ்டூல் எடுக்கப் போனார்.